சுவிஸ் மலைக்கு ரயில், டோலமைட்ஸுக்குக் கார்: ஐந்து பேர், 14 நாள்

கோயம்புத்தூரிலிருந்து ஐந்து பேர் கிளம்புகிறீர்கள்: நீங்கள், கணவர், 9 வயது மகள், மாமனார், மூட்டுவலியுள்ள மாமியார். காலாண்டு விடுமுறையோடு சில நாள் சேர்த்து, செப்டம்பர் கடைசியில் 14 நாள். சூரிக்கில் இறங்கியதும் வாடகைக் கார் எடுத்து சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, இத்தாலி, முடிந்தால் பாரிஸ் என்று ஒரு சுற்றுச் சுற்றி, சூரிக்கிலேயே காரை ஒப்படைப்பது உங்கள் திட்டம். இது சரிவருமா, அல்லது ரயில் பாஸ் எடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ரயிலும் வேண்டும், காரும் வேண்டும். ஆனால் இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். தண்டவாளமே நல்ல காட்சிகளுக்கு நடுவே போகிற ஊரில் கார் ஒரு சுமை. தண்டவாளம் பள்ளத்தாக்கின் அடியிலேயே நின்றுவிடும் ஊரில் கார் கைகொடுக்கும். சுவிட்சர்லாந்து முதல் வகை. இத்தாலியின் வடகிழக்கில் இருக்கும் டோலமைட்ஸ் மலைகள் இரண்டாம் வகை. ஆகவே சூரிக்கில் இறங்கி வெனிஸில் விமானம் ஏறுங்கள். முதல் எட்டு நாள் ரயில், அடுத்த ஐந்து நாள் கார். போன வழியே திரும்பி வரும் இரண்டு நாள் உங்களுக்கு மிச்சம்.

பாரிஸையும் ஆஸ்திரியாவையும் இப்போதே பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் அரை நாள் போய்விடும். பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, அடுத்த அறையின் சாவி கைக்கு வரும்வரை எதையும் ரசிக்க முடியாது. ஐந்து பேரில் ஒருவருக்கு மூட்டுவலி என்றால் இன்னும் மெதுவாகத்தான் நகர முடியும். நான் போடும் கணக்கு இது: சுவிஸ் மலையூர்களான வெங்கனில் 4 இரவு, பொன்ட்ரெசினாவில் 2, இத்தாலியில் கோமோ ஏரிக்கரையிலுள்ள வரென்னாவில் 2, டோலமைட்ஸிலுள்ள ஒர்டிசெயில் 4, வெனிஸில் 1. மொத்தம் 13 இரவு. இதற்கு மேல் ஓர் ஊரைச் சேர்க்க நினைத்தால் ஒன்றை எடுத்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுவிட்சர்லாந்தில் கார் ஏன் வேண்டாம் என்கிறேன்? நீங்கள் பார்க்க விரும்பும் ஊர்களில் பாதிக்குள் கார் நுழையவே முடியாது. வெங்கன், மியூரன், செர்மாட் மூன்றும் கார் இல்லாத ஊர்கள். வெங்கனுக்குப் போகிறவர்கள் கீழே லவுட்டர்புருன்னனில் காரை நிறுத்திவிட்டு மலை ரயிலில் ஏற வேண்டும். கார் கீழே தூங்கும், வாடகையும் நிறுத்தக் கட்டணமும் ஓடிக்கொண்டே இருக்கும், நீங்கள் ரயிலுக்கும் காசு கொடுப்பீர்கள். நெடுஞ்சாலையில் போவதற்கான ஆண்டுக் கட்டண வில்லை 40 பிராங்க் தனி. இவ்வளவுக்கும் பிறகு, ஓட்டுகிறவர் மலையைப் பார்க்கவே மாட்டார். சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

சூரிக் விமான நிலையத்தின் அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து பெர்ன் வழியாக இன்டர்லாக்கன், லவுட்டர்புருன்னன், பிறகு வெங்கன். மாறும் இடங்களில் சில சமயம் ஐந்தாறு நிமிடம்தான் இருக்கும். பயப்படாதீர்கள். அந்நாட்டுக் கால அட்டவணையே அப்படித்தான் கோக்கப்பட்டிருக்கிறது: ஒரு ரயில் வந்ததும் எதிர் நடைமேடையில் அடுத்தது காத்திருக்கும். தவறவிட்டாலும் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் இன்னொன்று வரும். சுவிஸ் ரயில்வேயின் செயலியைக் கைப்பேசியில் போட்டுக்கொண்டால், நடைமேடை எண் மட்டுமல்ல, உங்கள் பெட்டி நிற்கும் பகுதியின் எழுத்தும் தெரியும். மாமியாரை நீண்ட நடைமேடையில் கடைசி நேரத்தில் நடக்கவைக்க வேண்டியிராது.

ஓர் இடத்தில் மட்டும் கவனம் தேவை. இன்டர்லாக்கன் கிழக்கு நிலையத்தில் புறப்படும் ரயில் ஸ்வைலூட்சினன் என்ற சிறு நிலையத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி லவுட்டர்புருன்னனுக்கு, மறுபாதி கிரின்டல்வால்டுக்கு. எந்தப் பெட்டி எங்கே போகும் என்று பெட்டியின் வெளிப்புறப் பலகையில் இருக்கும். நாங்கள் முதல்முறை போனபோது, சன்னலோர இருக்கை கிடைத்தது என்று என் பெற்றோர் முன்பெட்டிக்கு நகர்ந்தார்கள். ரயில் பிரிந்தது. நாங்கள் ஒரு பள்ளத்தாக்கில், அவர்கள் இன்னொரு பள்ளத்தாக்கில். கைப்பேசியில் அழைத்தபோது அப்பா நிதானமாக, “இங்கே மலை நன்றாகத்தான் இருக்கிறது” என்றார். அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார்கள் என்றாலும், அம்மா அந்த சன்னலோரத்தை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.

வெங்கனில் நான்கு நாளுக்கு என்ன செய்வது என்று யோசிக்க வேண்டாம். எங்கு நின்றாலும் காட்சிதான். எல்லோரும் யுங்ஃபிராவ்யோக் போகச் சொல்வார்கள். 3,454 மீட்டர் உயரத்திலுள்ள நிலையம், 1912 முதல் ரயில் ஓடுகிறது, பொறியியல் அதிசயம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் டிக்கெட் விலை அதிகம், கூட்டம் அதிகம். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அவ்வளவு உயரம் போகக் கூடாது. அதற்குப் பாதி வழியில் கிளைனே ஷைடெக் நிலையம், 2,061 மீட்டர். ரயிலிலிருந்து இறங்கினால் ஐகர் மலையின் வடக்குச் சுவர் நேரெதிரே நிற்கும். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பார்த்தாலும் அலுக்காது. நீங்களும் மகளும் வெங்கனிலிருந்து கம்பிவட ஊர்தியில் மென்லிஷன் ஏறி, அங்கிருந்து ஏறக்குறைய சமதளமான பாதையில் ஒன்றரை மணி நேரம் நடந்து கிளைனே ஷைடெக் வந்து பெரியவர்களோடு சேர்ந்துகொள்ளலாம். எந்த உச்சிக்கும் டிக்கெட் வாங்குமுன் அந்த உச்சியின் நேரலைக் கேமராவைப் பாருங்கள். கீழே வெயில் அடிக்கும்போது மேலே வெள்ளைப் போர்வையாக மேகம் மூடியிருக்கும் நாள்கள் உண்டு. பணத்தைக் கொடுத்துவிட்டு மூடுபனியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் நிறையப் பேர்.

பாஸ் விஷயம். சுவிஸ் டிராவல் பாஸ் 3, 4, 6, 8, 15 நாள்களுக்குக் கிடைக்கும். தொடர்ச்சியான நாள்கள். ரயில், பஸ், ஏரிப் படகு எல்லாம் அடக்கம். 6 முதல் 15 வயதுவரை உள்ள குழந்தைகள் பாஸ் வைத்திருக்கும் பெற்றோருடன் குடும்ப அட்டையில் இலவசமாக வரலாம், கேட்டு வாங்குங்கள். வெங்கன், மியூரன், அந்தப் பக்கம் இத்தாலி எல்லையூரான திரானோ வரை பாஸ் செல்லும். வெங்கனுக்கு மேலே போனால் தள்ளுபடிதான், இலவசம் அல்ல. இன்னொரு வழி, ஒரு மாதம் செல்லும் அரைக்கட்டண அட்டை. உங்களுக்கு சுவிட்சர்லாந்தில் ஏழு நாள். நான்கு பெரியவர்களுக்கும் 8 நாள் பாஸ் ஒரு பக்கம், அரைக்கட்டண அட்டையும் தனித்தனி டிக்கெட்டும் ஒரு பக்கம் எழுதிக் கூட்டிப் பாருங்கள். மாமனாரும் மாமியாரும் இரண்டு நாள் ஊரிலேயே ஓய்வெடுப்பார்கள் என்றால் அவர்களுக்கு அரைக்கட்டணமும் உங்களுக்குப் பாஸுமாகப் பிரித்தும் எடுக்கலாம். ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி எடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஐந்தாம் நாள் வெங்கனிலிருந்து பொன்ட்ரெசினா. சூரிக், கூர் என்ற ஊர்கள் வழியாக ஏறத்தாழ ஆறு மணி நேரம். சூரிக்கிலிருந்து கூர் போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள், இரண்டு ஏரிகள் அந்தப் பக்கம்தான். கூரில் சிவப்பு நிற ரேட்டியன் ரயிலுக்கு மாறியதும் வலப்பக்கத்துக்கு வந்துவிடுங்கள். லான்ட்வாசர் பாலம் வரும்: 65 மீட்டர் உயரம், ஆறு வளைவுகள், பாலமே வளைந்து சென்று நேராக ஒரு செங்குத்துப் பாறையின் சுரங்கத்துக்குள் நுழைகிறது. ரயிலின் முன்பெட்டிகள் பாறைக்குள் மறைவதைப் பின்பெட்டியிலிருந்து பார்க்கலாம். சில நொடிதான். கைப்பேசியை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பயணத்தில் எதை விட்டாலும், பொன்ட்ரெசினா வழியாகத் திரானோ போகும் பெர்னினா ரயில் பாதையை விடாதீர்கள். மேட்டுப்பாளையம் ரயிலைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகம் பிடிக்கும். நம் நீலகிரி ரயில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. அதை இழுத்த எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்யப்பட்டவை. பெர்னினா ரயிலோ பல்சக்கரமே இல்லாமல், சாதாரணத் தண்டவாளத்தில், நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் என்ற சரிவில் ஏறி 2,253 மீட்டர் உயரத்தைத் தொட்டு, பிறகு 429 மீட்டரில் இருக்கும் திரானோவுக்கு இறங்குகிறது. 1910 முதல் முழுப்பாதையும் ஓடுகிறது. யுனெஸ்கோ நம் மலை ரயிலை 2005இல் பட்டியலில் சேர்த்தது, அல்புலா பெர்னினா பாதையை 2008இல்.

உச்சியில் அடுத்தடுத்து இரண்டு ஏரிகள். முதலாவது சிறியது, கருநிறம், உள்ளூர் ரோமான்ஷ் மொழியில் ‘லேய் நைர்’, அதாவது கறுப்பு ஏரி. அடுத்தது பனியாறு அரைத்த பாறை மாவு கலந்து பால் வெளுப்பாக இருக்கும், இத்தாலிய மொழியில் ‘லாகோ பியாங்கோ’, வெள்ளை ஏரி. கறுப்பு ஏரித் தண்ணீர் இன் ஆறு, டான்யூப் வழியாகக் கருங்கடலுக்குப் போகிறது. வெள்ளை ஏரித் தண்ணீர் போ ஆற்றில் சேர்ந்து ஏட்ரியாட்டிக் கடலுக்குப் போகிறது. ஏரியின் பெயரில் மொழியும் மாறிவிடுகிறது பாருங்கள். நடத்துநரின் வணக்கம்கூட அதற்குப் பிறகு இத்தாலிய மொழிக்கு வந்துவிடும்.

எந்த ரயிலில் ஏறுவது? பெர்னினா எக்ஸ்பிரஸ் என்ற பெரிய கண்ணாடிப் பெட்டி ரயிலுக்கு, பாஸ் இருந்தாலும், இருக்கைப் பதிவுக்குத் தனிக்கட்டணம் உண்டு, பதிவு கட்டாயம். அதே தண்டவாளத்தில் மணிக்கு ஒரு சாதாரண ரயில் ஓடுகிறது. பதிவு வேண்டாம், நினைத்த நிலையத்தில் இறங்கலாம், பழைய பெட்டி இணைத்திருந்தால் சன்னலையும் இறக்கலாம். நான் சாதாரண ரயில் கட்சி. கண்ணாடிப் பெட்டியில் எடுத்த படங்களில் பாதியில் எதிர் இருக்கைக்காரரின் சட்டைதான் தெரியும்.

பொன்ட்ரெசினாவில் இரண்டு இரவு வைத்ததற்குக் காரணம் பெட்டிகள். ஆறாம் நாள் வெறுங்கையோடு ஆல்ப் குரூம் நிலையம் வரை போய்த் திரும்புங்கள். சாலையே இல்லாத நிலையம், ரயிலில் மட்டும்தான் வர முடியும். நிலையக் கட்டடத்திலேயே உணவகம் இருக்கிறது, எதிரே பனியாறு. மாமியார் பத்தடி நடந்தால் போதும். ஏழாம் நாள் பெட்டிகளோடு இறங்காமல் திரானோ வரை போங்கள், வலப்பக்கம் உட்கார்ந்து. புருசியோவில் ரயில் ஒன்பது வளைவுப் பாலத்தில் ஒரு முழு வட்டம் அடித்து, தான் வந்த பாதைக்கு அடியிலேயே நுழைந்து இறங்கும். திரானோ ஊருக்குள் வந்ததும் கடைவீதியில் கார்களோடு காராக ஓடும். மகளுக்கு இதுதான் பிடிக்கப்போகிறது.

திரானோவில் சுவிஸ் நிலையமும் இத்தாலிய நிலையமும் பக்கத்துப் பக்கத்தில். மிலான் போகும் ரயில் கோமோ ஏரிக்கரையை ஒட்டியே போகும், இங்கும் வலப்பக்கம். காகித டிக்கெட் வாங்கினால் ஏறுமுன் நடைமேடை எந்திரத்தில் முத்திரை குத்துங்கள், இல்லையென்றால் அபராதம். வரென்னாவில் இரண்டு நாள் சும்மா இருங்கள், படகில் பெல்லாஜியோ போய் வாருங்கள். அதற்கு மேல் சொல்ல அங்கே ஒன்றுமில்லை, அதுவே அதன் நல்ல குணம்.

ஒன்பதாம் நாள் மிலான் வழியாக வெரோனா, அங்கே கார். நகரத்துக்குள்ளிருக்கும் வாடகை அலுவலகங்கள் பல சனிக்கிழமை மதியத்தோடு மூடிவிடும், ஞாயிறு திறக்காது. விமான நிலையக் கிளையைப் பதிவு செய்யுங்கள், ரயில் நிலையத்திலிருந்து பஸ் இருக்கிறது. இன்னொரு லாபம், முதல்முறை இடப்பக்கத் திருப்புச்சக்கரத்தைப் பிடிக்கும் உங்கள் கணவர் ஊருக்குள் நுழையாமல் நேராக நெடுஞ்சாலையில் ஏறிவிடலாம். எடுத்த நாட்டிலேயே ஒப்படைப்பதும் முக்கியம். ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விட்டால் பல நூறு யூரோ கூடுதலாகக் கேட்பார்கள்.

கிளம்புமுன் ஊரிலேயே முடிக்க வேண்டியது பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டு. வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தருவது, கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். இத்தாலியில் அது இல்லாமல் ஓட்டக் கூடாது. நம் அசல் உரிமமும் கூடவே இருக்க வேண்டும், ஒன்றில்லாமல் மற்றது செல்லாது. கடன் அட்டை ஓட்டுநரின் பெயரிலேயே இருக்கட்டும். பிணைத்தொகையாக ஆயிரம் யூரோவுக்கு மேல்கூட அதில் பிடித்து வைப்பார்கள், அந்த அளவுக்கு வரம்பு காலியாக இருக்க வேண்டும். டெபிட் அட்டையை நம்பிப் போய் கவுன்டரில் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தானியங்கி கியர் கார் கேளுங்கள். விலை கொஞ்சம் கூடும், முன்கூட்டியே பதிவு செய்யாவிட்டால் கிடைக்காது, ஆனால் வலக்கையால் கியர் போடும் தலைவலி இல்லை. அப்போதும் ஒன்று நடக்கும்: நம் ஊர்க் கார்கள் பெரும்பாலானவற்றில் திருப்ப விளக்குத் தண்டு வலப்பக்கம், அங்கே இடப்பக்கம். முதல் நாள் முழுக்க ஒவ்வொரு திருப்பத்திலும் வைப்பர்தான் ஓடும். ‘ஐந்து இருக்கை’ என்று விளம்பரத்தில் இருப்பதை ஐந்து பேரும் ஐந்து பெட்டியும் என்று படிக்காதீர்கள். ஐந்து பேர் உட்கார்ந்தால் இரண்டு மூன்று பெட்டிக்குத்தான் இடம். ஏழு இருக்கைக் காரை எடுத்துக் கடைசி வரிசையை மடக்கிவிடுங்கள். மகள் 150 சென்டிமீட்டருக்குக் குறைவு என்றால் இத்தாலியில் உயர்த்தும் இருக்கை சட்டப்படி கட்டாயம், அதையும் பதிவிலேயே சேர்த்துவிடுங்கள்.

காரை எடுத்ததும் நகராதீர்கள். நான்கு பக்கமும், நான்கு சக்கர விளிம்பும், கண்ணாடியும், எரிபொருள் முள்ளும் தெரியும்படி ஒரு வீடியோ எடுங்கள். ஒருமுறை, ஓர் உலோக விளிம்பிலிருந்த பழைய கீறலுக்கு என்னிடம் பணம் கேட்டார்கள். கவுன்டரில் அந்த வீடியோவைக் காட்டிய பிறகு பேச்சு நின்றது. டயர், கண்ணாடி, அடிப்பகுதி மூன்றும் வழக்கமான காப்பீட்டில் அடங்காமல் போகலாம் என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பெட்ரோல் பங்கில் ‘பென்சீனா’ என்றால் பெட்ரோல், ‘கசோலியோ’ என்றால் டீசல். சுங்கச்சாவடியில் டெலிபாஸ் (நம் ஃபாஸ்டேக் போன்றது) மட்டும் என்று எழுதிய மஞ்சள் வழிக்குள் போகாதீர்கள். சீட்டு எடுத்துக்கொண்டு, வெளியேறும் இடத்தில் காசு கட்டும் வழியில் போங்கள்.

இத்தாலியில் நம்மவர்கள் அதிகம் மாட்டுவது பழைய நகரங்களின் தடைப்பகுதியில். வெள்ளைப் பலகையில் சிவப்பு வட்டம், கீழே ‘சோனா திராஃபிகோ லிமிதாத்தோ’ என்றிருக்கும். காவலர் நிற்க மாட்டார், தடுப்பு இருக்காது, கேமரா எண்ணைப் படித்துவிடும். வழிகாட்டிச் செயலியை நம்பி ஓர் ஊரின் மையத்துக்குள் நான் நான்கு நிமிடம் நுழைந்து வெளியே வந்தேன். எட்டு மாதம் கழித்து வீட்டுக்குக் கடிதம் வந்தது. அதற்கு முன்பே, என் முகவரியைக் கொடுத்ததற்கு வாடகை நிறுவனம் தனியாகக் கட்டணம் எடுத்துவிட்டிருந்தது. விடுதி அந்தப் பகுதிக்குள் இருந்தால், கார் எண்ணை அவர்களிடம் சொல்லிப் பதிவு செய்ய முடியுமா என்று முதலிலேயே கேளுங்கள்.

வெரோனாவிலிருந்து ஒர்டிசெய் இரண்டரை மணி நேரம். முதல் உலகப் போர் முடியும்வரை இந்தப் பகுதி ஆஸ்திரியாவிடம் இருந்தது. அதனால் பலகையில் ஒரே ஊருக்கு இரண்டு, மூன்று பெயர் இருக்கும். ஒர்டிசெய் என்பதே ஜெர்மனில் சங்க்ட் உல்ரிஷ். வழி தவறிவிட்டோமோ என்று பதற வேண்டாம், இரண்டும் ஓர் ஊர்தான். (ஆஸ்திரியாவை வெட்டியதற்கு வருத்தப்பட்டால், இங்கே சோறு வடிவில் ஆஸ்திரியாவே கிடைக்கும்.) மலைகளுக்கு டோலமைட்ஸ் என்ற பெயர் தேயோதா தெ தோலோமியே என்ற பிரெஞ்சு நிலவியலாளரால் வந்தது. மாலையில் அந்த வெளிறிய பாறைகள் இளஞ்சிவப்பாக மாறும், உள்ளூர் லதீன் மொழியில் அதற்கு ‘என்ரோசதீரா’ என்று தனிச்சொல்லே இருக்கிறது. காருக்கு இங்கேதான் அர்த்தம்: கடைசிப் பஸ்ஸைப் பற்றிய கவலையில்லாமல் அந்த நிறம் வரும்வரை கணவாயில் காத்திருக்கலாம்.

ஒர்டிசெயிலிருந்தே கம்பிவட ஊர்தியில் செசேடா உச்சிக்கும், ஆல்பே டி சியூசி புல்வெளிக்கும் போகலாம். அந்தப் புல்வெளிக்குக் கார்ப்பாதை பகலில் அடைக்கப்பட்டிருக்கும், கம்பிவடமே நல்லது. மாமியாருக்கும் சுகம். ஒரு நாள் காரில் கார்டேனா, போர்தோய், செல்லா கணவாய்களைச் சுற்றி வாருங்கள். போர்தோய் 2,239 மீட்டர், ஒரு பக்கத்தில் மட்டும் 33 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவு ஏறிய கைகளுக்கு இது பெரிய விஷயமில்லை. இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறைத்துப் பிடியுங்கள். குறுகலில் எதிரே வண்டி வந்தால் இறங்குகிறவர்தான் ஒதுங்க வேண்டும். வளைவுக்குப் பின்னால் சைக்கிள்காரர் இருப்பார் என்று நினைத்தே திரும்புங்கள். வரைபடத்தில் 50 கிலோமீட்டர் என்றால் ஒன்றரை மணி நேரம் என்று எழுதிக்கொள்ளுங்கள். ட்ரே சிமே மலைக்கான கட்டணச் சாலைக்கு முன்பதிவு கேட்பார்கள், போவதாக இருந்தால் ஊரிலிருந்தே செய்துவிடுங்கள். செப்டம்பரில் மேய்ச்சல் மாடுகளுக்குப் பூ அலங்காரம் செய்து மலையிலிருந்து இறக்கிவரும் ஊர்வலங்களும் நடக்கும். நம் மாட்டுப்பொங்கல் போலவே இருக்கும். விடுதியில் தேதி கேளுங்கள்.

விசாவுக்கு இரவுகளை எண்ணுங்கள். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் ஷெங்கன் விசா கேட்க வேண்டும். மேலே சொன்ன கணக்கில் சுவிட்சர்லாந்து 6, இத்தாலி 7. ஆகவே இத்தாலி. கடைசி நேரத்தில் வெங்கனில் ஓர் இரவைக் கூட்டினால் கணக்கு கவிழ்ந்துவிடும், ஜாக்கிரதை. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கோடை நெரிசலில் நேரம் கிடைப்பது கடினம் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். அதுவரை ரத்து செய்யக்கூடிய அறைகளையே பதிவு செய்யுங்கள்.

சாப்பாடு: வெங்கனிலும் ஒர்டிசெயிலும் சமையலறை உள்ள வீடு எடுங்கள். அரிசியும் தயிரும் எந்தக் கடையிலும் கிடைக்கும், கறிவேப்பிலைப் பொடியும் ஊறுகாயும் நீங்கள் கொண்டு போனால் மாமனார் முகம் வாடாது. சுவிஸ் கடைகள் பெரும்பாலும் ஞாயிறு மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையக் கடைகள் திறந்திருக்கும்.

பதின்மூன்றாம் நாள் கார்டேனா, ஃபல்சாரேகோ கணவாய்கள் வழியாகக் கோர்டினா, அங்கிருந்து இறங்கி வெனிஸ். நடுவில் நிற்பதையும் சேர்த்து ஒரு பகல் முழுக்க வைத்துக்கொள்ளுங்கள். காரோடு வெனிஸ் தீவுக்குள் போகப் பார்க்காதீர்கள், பாலம் முடியும் இடத்தோடு சாலையும் முடிந்துவிடும். விமான நிலையத்துக்குச் சில கிலோமீட்டர் முன்பே டேங்கை நிரப்பி, ரசீதைப் பத்திரப்படுத்தி, காரை அங்கேயே ஒப்படைத்துவிட்டு, பெட்டிகளோடு படகில் ஏறுங்கள். மறுநாள் விமானத்துக்கும் அதே இடத்துக்குத்தான் வரவேண்டும் என்பதால், பெரிய பெட்டிகளை விமான நிலையப் பாதுகாப்பறையில் போட்டுவிட்டு ஒரு கைப்பையோடு போவது இன்னும் நல்லது. வெனிஸ் பாலங்களில் பெரும்பாலானவற்றுக்குப் படிக்கட்டு உண்டு.